மனுவோடு கொண்டுபோன பாட்டில்

அன்று போலீஸ்காரர் கேட்டபோது, "இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது" என்று சொன்னீர்கள். அது பொய். எங்களை உங்களுக்குத் தெரியும். முசிறி கல்யாண மண்டபத்தில் எங்களுக்கு எதிர்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். சாப்பிட்டுக் கை கழுவிய இடத்தில் என் மாப்பிள்ளையின் தோளில் ஈரக் கையை வைத்து, "மறக்காம கொண்டாங்க" என்று சொன்னீர்கள். பக்கத்தில் நான் நின்றேன். உங்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தது நான்.

உங்கள் பெயரை எழுதவில்லை. எந்தத் துறை, எந்த அலுவலகம் என்றும் எழுதவில்லை. எழுதினால் அதற்கு ஒரு வழக்கு வரும் என்று வக்கீல் சொல்கிறார். இருக்கிற வழக்கே எங்களுக்குப் போதும். படித்தால் உங்களுக்குப் புரியும்.

நான் வெல்டர். துவாக்குடிப் பக்கம் ஒரு ஷெட்டில் வேலை. பாய்லருக்கும் ரசாயனத் தொட்டிக்கும் பாகங்கள் செய்து அனுப்புகிற ஷெட். குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில், வாடகை வீடு. தினமும் பஸ் மாறிப் போய் வருகிறேன். என் தங்கையை முசிறிக்குப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்தோம். அவள் புருஷன் வாழை வைக்கிறவர். எனக்கு அவர் மாப்பிள்ளை, அவருக்கு நான் மச்சான். வயதில் என்னைவிடச் சின்னவர். இருந்தாலும் வாங்க போங்க என்றுதான் பேசிக்கொள்வோம்.

வாழை வைக்கிறவனுக்குக் காற்றுதான் எமன். தார் தள்ளி, காய் திரண்டு, வெட்டுவதற்குக் கொஞ்ச நாளே இருக்கும்போது கோடை மழையோடு ஒரு சூறை வரும். கால் மணி நேரம்தான் அடிக்கும். சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்திருந்தாலும் மரம் இடுப்போடு மடிந்துவிடும். மறுநாள் வியாபாரி வந்து வரப்பில் நின்று பார்ப்பார், கொல்லைக்குள் இறங்காமலே திரும்பிப் போவார். முற்றாத காயை யார் வாங்குவார்கள்? அது அங்கேயே கிடந்து பழுத்து, வெடித்து, அழுகும். ஈ மொய்க்கும். தெரு முழுக்கப் புளித்த வாடை அடிக்கும்.

அந்த வாடையில் இருப்பதுதான் எத்தனால். இனிப்பு எதுவாக இருந்தாலும் புளித்தால் அது உண்டாகும். தனியாகப் பிரித்தெடுத்தால் எரியும். பெட்ரோல் எஞ்சினை ஓட்டும். இதில் மந்திரம் ஒன்றும் கிடையாது. கரும்பிலும் மக்காச்சோளத்திலும் எடுத்து இன்றைக்கு ஊரெல்லாம் பெட்ரோலில் கலக்கிறார்கள். பங்க்கில் உங்கள் காருக்கும் அதைத்தான் ஊற்றுகிறார்கள்.

மாப்பிள்ளைக்குக் கொல்லையின் கடைசியில் ஒரு மேட்டுத் துண்டு உண்டு. அதற்குக் கரண்ட் கனெக்‌ஷன் கிடைக்கவில்லை. வாய்க்காலிலிருந்து தண்ணீர் ஏற்ற ஒரு சின்ன பெட்ரோல் மோட்டார் வைத்திருந்தார். சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துக்கொண்டு போவார். பெட்ரோலைக் கேனில் வாங்கி வருவார். கேனில் ஊற்ற மாட்டோம் என்று பங்க்கில் சில நாள் திருப்பி அனுப்புவார்கள். அப்படித் திருப்பி அனுப்பிய நாட்களில் அந்தத் துண்டு காயும்.

இந்த நிலைமையில்தான் உங்கள் கூட்டம் நடந்தது. முசிறியில், கல்யாண மண்டபத்தில். மக்காச்சோளம் போடுகிறவர்கள் துறையூரிலிருந்தும் உப்பிலியபுரத்திலிருந்தும் வேன் வைத்து வந்திருந்தார்கள். எனக்கு ஷெட்டில் வேலை இல்லாத நாள், தங்கை வீட்டுக்கு வந்திருந்தேன், மாப்பிள்ளை கூட்டிக்கொண்டு போனார். நீங்கள் மைக்கைப் பிடித்து நன்றாகப் பேசினீர்கள். அதை நான் மறுக்கவில்லை. "கச்சா எண்ணெய் கடல் தாண்டிக் கப்பல்ல வருது. எத்தனால் உங்க வயல்லயே வருது. இவ்வளவு நாளும் சோறு போட்டீங்க, இனிமே வண்டியை ஓட வைக்கிறதும் நீங்கதான்" என்றீர்கள். எல்லாரும் கை தட்டினார்கள். பாதிப் பேர் சாப்பாடு தயார் என்று சொன்னதற்காகத் தட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

மாப்பிள்ளை கூட்டத்தில் எழுந்து பேசுகிற ஆள் கிடையாது. அன்று எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே கேட்டார்.

"ஐயா, காத்துல சாஞ்ச வாழைக்காய்ல இது ஆகுமாங்க?"

"ஏன் ஆகாது? இனிப்பு இருக்கிற எதுலயும் ஆகும்."

"ஆலைக்குத்தான் குடுக்கணுமா, இல்ல நாங்களே செஞ்சு எங்க மோட்டாருக்கு ஊத்திக்கலாமாங்க?"

சிரித்தீர்கள். "ஆலை வர்றப்ப வரட்டும். நீங்க ஒரு மாதிரி செஞ்சு காட்டுங்க. திங்கக்கிழமை மனு வாங்குறோம்ல, அங்க மனுவோட கொண்டாங்க. மேல எடுத்துட்டுப் போறது என் பொறுப்பு."

மண்டபம் நிறைய ஆள் இருந்தது. அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

மறுநாள் காலை மாப்பிள்ளை என் ஷெட் வாசலில் நின்றார். "மச்சான், ஒரு பாத்திரம் வேணும்."

"என்ன பாத்திரம்?"

"காய்ச்சுற பாத்திரம்."

எங்கள் ஷெட் ஃபிட்டர் ஒருவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். "என்ன மாப்ள, கடையில விக்கிறது பத்தலன்னு சொந்தமா இறங்கிட்டீங்களா? எனக்கு ஒரு கேன் எடுத்து வைங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவருடைய அண்ணன் குடித்தே செத்தவர். ரத்த வாந்தி எடுத்த அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் இவர். கல்யாண வீட்டில் பாட்டில் திறந்தால் எழுந்து போய்விடுவார். அந்த மனிதரைத்தான் இன்று சாராயம் காய்ச்சுகிறவர் என்கிறார்கள்.

நான் முதலில் மாட்டேன் என்றேன். வேண்டாத வேலை, எதற்கு வம்பு என்றேன். அவர் ஷெட் ஓரத்தில் இரும்புத் துண்டுகள் மேல் உட்கார்ந்துகொண்டு, என் வேலை முடியும் வரை நகரவில்லை. டீ குடிக்கும்போது சொன்னார். "எங்கயோ ரெண்டு நாடு சண்ட போட்டா முசிறியில என் மோட்டாருக்கு வெல ஏறுது மச்சான். எனக்கும் அந்தச் சண்டைக்கும் என்ன சம்பந்தம்? என் கொல்லையில எரியக்கூடிய சரக்கு அழுகிக் கெடக்குது. நடுவுல ஒரு பாத்திரம்தான் இல்ல."

அதைக் கேட்டு ஒத்துக்கொண்டேன். எத்தனாலுக்காக மேடையில் எத்தனையோ பேர் பேசுகிறார்கள். இந்த நாலு வரிக்கு மேல் யாரும் எனக்குச் சொல்லிவிடவில்லை.

ஷெட் முதலாளியிடம் கேட்டுக் கழிவில் கிடந்த ஸ்டீல் தகடுகளை எடுத்தேன். ஆர்கான் வெல்டிங் வைத்தேன். சாயங்காலம் வேலை முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தேன். நான் செய்த தொட்டிகள் எங்கெங்கோ பெரிய ஆலைகளில் நிற்கின்றன. ஒன்றையும் நான் போய்ப் பார்த்தது கிடையாது. இது என் தங்கை வீட்டுக் கொல்லையில் நிற்கப் போகிறது என்பதால் ஒவ்வொரு வெல்டிங் தையலையும் இரண்டு முறை பார்த்தேன்.

முதல் தடவை எல்லாம் கெட்டுக் காடியாகிப் போனது. தங்கை மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அண்ணனும் தங்கச்சி புருஷனும் சேந்து ஊறுகாய்தான் போடப்போறீங்க" என்றாள். இரண்டாவது தடவை சரியாக வந்தது. மோட்டாரின் கார்புரேட்டர் துளையை நான் கொஞ்சம் பெரிதாக்கினேன். எத்தனாலுக்கு அது தேவை. மோட்டாரைக் கிளப்பக் கயிற்றை இழுத்து இழுத்து இரண்டு பேருக்கும் தோள்பட்டை கழன்றது. பிறகு பிடித்துக்கொண்டது. புகையே இல்லை. பழுத்த பழ வாசனை. வாய்க்கால் தண்ணீர் குழாயில் ஏறி மேட்டுத் துண்டில் விழுந்தது. மாப்பிள்ளை அந்தத் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டார். அழுகிறார் என்று எனக்குத் தெரியக்கூடாது என்று கழுவினார். எனக்குத் தெரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பாத்திரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, சூடம் காட்டினோம். புது டிராக்டர் வந்தால் செய்வது மாதிரிதான். தெருவையே கூப்பிட்டோம். தங்கை சுண்டல் கொடுத்தாள். மறைத்துக் காய்ச்சுகிறவன் ஊரைக் கூப்பிட்டுச் சூடம் காட்டுவானா? இதை வக்கீலிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அதற்கு மேல் அதற்கு மதிப்பு இல்லை போலிருக்கிறது.

அன்று தெருக்காரர் ஒருவர், "மோட்டாருக்கு ஊத்துறியே, மனுசனுக்கு ஒரு சொட்டு கெடையாதா?" என்று கேட்டார்.

"பெட்ரோல் கலந்துருக்கேன் மாமா. குடிச்சீங்கன்னா நேரா சுடுகாடுதான்."

"உங்க அத்தைக்கு அது சந்தோசம்தான்" என்று அவர் சொல்ல, அந்த அம்மாள் சுண்டல் பொட்டலத்தை அவர் மேல் எறிந்தார்.

பெட்ரோல் கலந்தது உண்மை. யாரும் ஆசைப்பட்டு எடுத்துக் குடித்துவிடக் கூடாது என்று, மோட்டாருக்கு வைத்திருந்த கேனில் எடுத்த அன்றே மாப்பிள்ளை பெட்ரோலைக் கலந்துவிடுவார். கலக்காமல் வைத்தது ஒரே ஒரு பாட்டில். அது உங்களுக்காக வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தப் பாட்டிலை அவர் வெந்நீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், "மாப்ள, எதுக்கும் இதுலயும் கொஞ்சம் பெட்ரோல் ஊத்திடுங்க."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதிகாரிக்குக் குடுக்கிறது மச்சான். கலப்படம் பண்ணியா குடுப்பாங்க? சாமிக்குப் பால் ஊத்துறப்ப தண்ணி கலப்பமா?"

அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. எங்கள் ஆட்களுக்கு அப்படித்தான் பழக்கம். பெரிய மனிதருக்குக் கொடுப்பதென்றால் முதல் சீப்பு, நல்ல சீப்பு, கறை படாத சீப்பு. பெட்ரோல் கலந்திருந்தால் அது வண்டிக்கு ஊற்றுவது என்று வாதாட ஒரு பிடி இருந்திருக்கும் என்று வக்கீல் பிறகு சொன்னார். சுத்தமாக இருந்ததுதான் எங்களைக் கெடுத்தது. உங்கள் மேல் வைத்த மரியாதைதான் அந்தப் பாட்டிலில் இருந்தது.

திங்கட்கிழமை மாப்பிள்ளை முசிறி பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, தீபாவளிக்கு எடுத்த சட்டை. மஞ்சள் பையில் மனு, ஒரு சீப்பு பூவன், பாட்டில், ஒரு கரண்டி. சட்டைப் பையில் தீப்பெட்டி. உங்கள் மேசை முன்னால் கரண்டியில் கொஞ்சம் ஊற்றிப் பற்ற வைத்து, புகையில்லாமல் நீலமாக எரிவதைக் காட்ட வேண்டும் என்பது அவர் திட்டம். துணைக்குப் போக பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த எனக்கு ஒருமுறை சொல்லிக் காட்டினார். எங்கே நிற்பது, என்ன சொல்வது, எல்லாம்.

மனு நாளில் வாசலில் ஏன் போலீஸ் நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். பட்டா கிடைக்காதவர்கள், நிலம் பறிபோனவர்கள் மண்ணெண்ணெய் கொண்டுவந்து மேலே ஊற்றிக்கொள்கிறார்கள். அதனால் பையைச் சோதிப்பார்கள். வாளியில் தண்ணீரும் மணலும் தயாராக இருக்கும். எதிர் டீக்கடையில் கேமராக்காரர்கள் காத்திருப்பார்கள். இதெல்லாம் டி.வி.யில் பார்த்திருக்கிறோம். ஆனால் அது வேறு ஆட்கள் என்று நினைத்தோம். நாங்கள் சாவதற்குப் போகவில்லையே.

வாசலில் இருந்த பெண் போலீஸ் பையைத் திறக்கச் சொன்னார்.

"பாட்டில்ல என்ன? தண்ணியா?"

"தண்ணி இல்லம்மா. எரிபொருள்."

"என்னது?"

"எரிபொருள்மா. நல்லா எரியும். காட்டட்டுங்களா?"

சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். அலறினார். நாலு பேர் மாப்பிள்ளை மேல் விழுந்தார்கள். ஒருவர் பாட்டிலைப் பிடுங்கினார். இரண்டு வாளித் தண்ணீர் அவர் தலையில், ஒரு வாளி என் தலையில். வாழைப்பழம் காலடியில் நசுங்கியது. மனு நனைந்து கூழானது. கேமராக்காரர்கள் டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். ஒருவர் மைக்கை என் வாயருகே நீட்டி, "எதுக்காக இந்த முடிவுக்கு வந்தீங்க?" என்று கேட்டார்.

"மாதிரி கொண்டாந்தோம்" என்றேன்.

"என்ன மாதிரி?"

வாயில் தண்ணீர்.

இன்ஸ்பெக்டர் வந்து மூடியைத் திறந்து முகர்ந்தார். "யோவ், இது சாராயம்யா."

"சாராயம் இல்லைங்க, எத்தனால்."

"ரெண்டும் ஒண்ணுதான்யா."

"பொருள் ஒண்ணுதாங்க. ஆனா நாங்க மோட்டாருக்கு..."

ஒப்புக்கொண்டார் என்று எழுதிக்கொண்டார்கள். ஆனாவுக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் அந்தத் தாளில் இல்லை. நான் படித்துப் பார்த்தேன்.

அப்போதுதான் மாப்பிள்ளை உங்களைச் சொன்னார். "ஐயாவைக் கேளுங்க. அவருதான் கொண்டாரச் சொன்னாரு." குரலில் பயமே இல்லை. ஐயா வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார். ஒரு போலீஸ்காரர் உள்ளே போய் உங்களைக் கூட்டி வந்தார். படியில் நின்றீர்கள். சொட்டச் சொட்ட நின்ற மாப்பிள்ளை உங்களைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பார்த்த பிள்ளைக்கு வருமே, அது. நீங்கள் அவரைப் பார்த்தீர்கள். கேமராவைப் பார்த்தீர்கள். "இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனீர்கள்.

மாப்பிள்ளை கும்பிட்ட கையை இறக்க நேரம் பிடித்தது.

தங்கை கொல்லையில் இருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் போனைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். அதில் வந்த செய்தியில் தீக்குளிக்க முயற்சி என்று கீழே எழுத்து ஓடியது. முயற்சி என்ற வார்த்தையை அவள் படிக்கவில்லை. செருப்பில்லாமல் பஸ் ஏறி, ஸ்டேஷனுக்கு வந்து சேர மதியமானது. ஈர வேட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த புருஷனின் முகத்தை, கையை, நெஞ்சை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எங்கும் தீக்காயம் இல்லை. பிறகு தோளில் ஓங்கி ஓர் அடி போட்டாள். "உங்களை யாரு அங்க போகச் சொன்னது?"

"ஐயாதான்" என்றார்.

பை அவர் கையில் இருந்தது. "பை என்னுது. மச்சான் சும்மா துணைக்கு வந்தாரு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். என்னை அனுப்பிவிட்டார்கள். பாத்திரம் செய்தது நான். அவர் உள்ளே போனார், நான் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

மறுநாள் போலீஸ்காரர்கள் முசிறியில் கொல்லைக்கு வந்தார்கள். ஊறப்போட்டிருந்த பழக் கூழைக் கொட்டிக் கவிழ்த்தார்கள். கடப்பாரையால் பாத்திரத்தை அடித்தார்கள். நான் தகவல் கேட்டு ஓடிப் போனபோது பாதி வேலை முடிந்திருந்தது. தகடு கிழிந்தது, நான் வைத்த தையல் ஓரிடத்திலும் விடவில்லை. அடித்தவருக்கு வியர்த்துக் கொட்டியது. தங்கை அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். ஏன் கொடுத்தாய் என்று கேட்டேன். "வெயில்ல நிக்கிறாரே" என்றாள்.

ஜாமீனில் வந்த பிறகு மாப்பிள்ளை வாழை வைக்கவில்லை. பழைய மரத்தின் அடியில் துளிர்த்த இரண்டாவது கட்டையும் கருகிப் போக விட்டுவிட்டார். ஊரில் அவர் பெயர் மாறிவிட்டது, காய்ச்சுகிறவர் என்றால்தான் தெரிகிறது. தங்கை மகளிர் குழுத் தலைவியாக இருந்தாள். மதுவிலக்கு வழக்கு இருக்கிற வீட்டுப் பெண் தலைவியாக இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று, சண்டை இல்லாமல், சிரித்துப் பேசியே அவளை இறக்கிவிட்டார்கள். இதையெல்லாம்விடக் கொடுமை ஒன்று உண்டு. குடிகாரர்கள் வேலி ஓரமாக வந்து நின்று, "அண்ணே, கொஞ்சம் கெடைக்குமா? வெளிய சொல்ல மாட்டோம்" என்று கேட்கிறார்கள். அண்ணனைத் தோளில் தூக்கி ஓடியவரிடம் கேட்கிறார்கள். முதலில் அவர்களைத் துரத்தினார். இப்போது எழுந்து வீட்டுக்குள் போய்விடுகிறார்.

இப்போது அவர் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போய், ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேன் வேலை பார்க்கிறார். நீலச் சட்டை. கார் வந்தால் கேட்டைத் திறக்கிறார், போனால் மூடுகிறார். மதியம் என் வீட்டில்தான் சாப்பிடுகிறார். பேச்சே கிடையாது. எனக்கு ஷெட் லீவான ஒருநாள், சோற்றைப் பிசைந்துகொண்டே, "உள்ள வர்ற ஒவ்வொரு காருலயும் அதுதான் மச்சான் ஓடுது" என்றார்.

எனக்கு எத்தனால் மேல் கோபம் கிடையாது. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களைக் காட்டி எத்தனாலே மோசடி என்று பேசச் சிலர் வருவார்கள். மோசடி இல்லை. அது எரிந்ததை, தண்ணீர் ஏறியதை என் கண்ணால் பார்த்தேன். எண்ணெய்க்காக எவன் காலையோ பிடித்துக்கொண்டு கிடப்பதைவிட, இங்கே விளைவதை எரிப்பது நல்லது. ஆனால் தின்னுகிற அரிசியைக் கரைத்துக் காருக்கு ஊற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பெரிய ஆலை வந்து ஊர்க் கிணற்றுத் தண்ணீரை எல்லாம் உறிஞ்சுவதும் பிடிக்கவில்லை. என்னுடைய பழைய மொபெட்டில் இந்தப் பெட்ரோலால் ரப்பர் குழாய் ஊதி இரண்டு முறை மாற்றிவிட்டேன். எங்களிடம் யாரும் கேட்டுவிட்டுக் கலக்கவில்லை. குறைகள் இருக்கின்றன, சரி செய்யலாம். நான் கேட்பது அழுகுகிறதைப் பற்றி. காற்றில் சாய்ந்த காய், யாருக்கும் வேண்டாத காய். அதை எரிபொருளாக்கத் தெரிந்த ஒருவன் முசிறியில் இருந்தான். அவனை வாட்ச்மேனாக்கிவிட்டீர்கள். இனி அந்தப் பக்கத்தில் எவன் செய்வான்? பாத்திரம் செய்து தரச்சொல்லி வந்தால் நானே துரத்திவிடுவேன். வரவும் மாட்டார்கள்.

உங்களைப் பார்க்க மூன்று முறை வந்தேன். இரண்டு முறை மீட்டிங் என்றார்கள். மூன்றாவது முறை, விடுப்பு. அப்புறம் ஒரு சனிக்கிழமை காலை ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்திர வீதியில் நீங்களே எதிரில் வந்தீர்கள். பெருமாளைச் சேவித்துவிட்டுக் குடும்பத்தோடு வந்துகொண்டிருந்தீர்கள். கையில் பிரசாதம்.

"சார், என் மாப்பிள்ளை கேஸ் வாய்தாவுக்கு வருது. நீங்க கொண்டாரச் சொன்னதா ஒரு வார்த்தை சொன்னாப் போதும்ங்க. வக்கீல் சொல்றாரு."

"எந்த மாப்பிள்ளை?"

"முசிறி. வாழைக்காய். மண்டபத்துல சொன்னீங்களே."

"அது பொதுவாச் சொன்னதுங்க. மேடையில ஆயிரம் சொல்லுவோம். சாராயம் காய்ச்சச் சொல்லி நான் சொல்லுவேனா?"

"காய்ச்சாம எப்படி சார் எத்தனால் வரும்?"

உங்கள் மனைவி உங்களைப் பார்த்தார். உங்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "பொது இடத்துல சத்தம் போடாதீங்க. எதா இருந்தாலும் ஆபீஸ்ல வந்து பாருங்க" என்று சொல்லி நடந்தீர்கள். நான் சத்தம் போடவில்லை. அப்போது போடவில்லை.

பொது இடத்தில்தான் மைக் பிடித்து எங்களைச் செய்யச் சொன்னீர்கள். பொது இடத்தில்தான் எங்கள் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். பொது இடத்தில்தான் எங்களைத் தெரியாது என்றீர்கள். பதிலை மட்டும் ஏன் அறைக்குள் வைத்துச் சொல்ல வேண்டும்?

அடுத்த வாய்தா வருவதற்குள் சொல்லுங்கள். பத்திரிகையில் எழுதுங்கள், இல்லையென்றால் திங்கட்கிழமை மனு கொடுக்க வந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி மைக்கில் சொல்லுங்கள். மாதிரி கொண்டுவரச் சொன்னீர்களா, இல்லையா? தன் கொல்லையில் அழுகுவதிலிருந்து தன் மோட்டாருக்கு எரிபொருள் எடுக்க நினைக்கிற விவசாயி எந்த அலுவலகத்தில், எந்த மனுவை, யார் கையில் கொடுக்க வேண்டும்? அவனுக்கு அனுமதியே கிடையாது, ஆலைக்காரனுக்கு மட்டும்தான் என்றால், அதையாவது வாயைத் திறந்து சொல்லுங்கள். பதில் சொல்லுங்கள், ஐயா.